சக்கரத்துக்கு ஒரு சம்பந்தம்

“மூணு தடவை காத்து அடிச்சாச்சும்மா. இந்த மஞ்சள் விளக்கு மட்டும் அணைய மாட்டேங்குது!”

காரை விட்டு இறங்கும்போதே குறையைக் கொட்டினார் கல்யாணத் தரகரம்மா.

டயர் கடையில் இருந்த ஒரே மெக்கானிக் ஒரு பெண். நீல உடுப்பு, முழங்கை வரை கரி. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கை எட்டிப் பார்த்தாள்.

“காத்து சரியாத்தான் இருக்கு. சக்கரத்துக்குள்ள காத்தை அளக்கற சென்சார் இருக்குல்ல, நாலுல ஏதோ ஒண்ணு வாயைத் திறக்கலை போல. உக்காருங்க, பார்த்துடலாம்.”

கடையில் இருந்ததே ஒரு நாற்காலி. அதில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆள், யாரும் சொல்லாமலே எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அடுக்கி வைத்திருந்த டயர்களின் மேல் போய் உட்கார்ந்தான். தரகரம்மா மனசுக்குள் அவனுக்கு ஒரு மதிப்பெண் போட்டார். தொழில் பழக்கம்.

“தூரப் பயணமா?” என்றாள் மெக்கானிக்.

“மக வீட்டுக்கு. இனி அங்கயே இருந்துடலாம்னு யோசனை. இந்த மாசம் கைக்கு வந்த சம்பந்தமெல்லாம் வரிசையா நழுவிப் போச்சும்மா. காலையில ஒரு பையனோட அம்மா சொல்றா, ‘உங்க கண்ணு மங்கிப் போச்சு, வேற வேலை இருந்தா பாருங்க’ன்னு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு காலையிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவர் சோறு தின்றதே அந்தக் கண்ணை நம்பித்தான்.

மெக்கானிக் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை எடுத்து ஒவ்வொரு சக்கரமாகக் காட்டிக்கொண்டு போனாள். மூன்று சக்கரங்களில் ‘பீப்’ என்றது. நாலாவதில் மூச்சே இல்லை.

“இதோ, இதுதான் ஊமை. உள்ள பேட்டரி தீர்ந்துடுச்சு. பேட்டரியை மட்டும் மாத்த முடியாது, சென்சாரையே மாத்தணும்.”

சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, புதுச் சென்சாரைப் பொருத்தி, காற்று அடித்துத் திரும்பவும் மாட்டினாள்.

“முடிஞ்சுதா? கிளம்பட்டுமா?”

“இருங்கம்மா. இந்தச் சென்சாருக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. அதைக் காருக்குச் சொல்லித் தரணும். அறிமுகம் பண்ணி வைக்கலைன்னா ரெண்டும் பக்கத்துலயே இருந்தாலும் ஒண்ணை ஒண்ணு தெரியாது.”

“அட! நீயும் என் தொழில்தான் பண்றே!”

மெக்கானிக் சிரித்தபடி ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்து அந்தக் கருவியின் வயரைச் செருகினாள். “கொஞ்சம் இந்த டார்ச்சைப் பிடிங்க.”

பேப்பர்க்காரன் உடனே எழுந்து வந்து பிடித்தான். தரகரம்மா இன்னொரு மதிப்பெண் போட்டார்.

ஒரு முறை முயன்றாள். கார் ஏற்கவில்லை. இன்னொரு முறை. ஊஹூம்.

“சென்சார் நல்லாத்தான் பேசுது. காருக்குத்தான் காது கேக்கலை” என்று நெற்றியைச் சுருக்கினாள்.

டார்ச் பிடித்திருந்தவன் மெதுவாகச் சொன்னான்: “அம்மா, கார்ல செருகியிருக்கற அந்த போன் சார்ஜரைக் கொஞ்சம் உருவிடுங்களேன்.”

தரகரம்மா உருவினார். இந்த முறை கருவி ‘பீப்’ என்றது. மஞ்சள் விளக்கு பட்டென்று அணைந்தது.

“மட்டமான சார்ஜர் சில சமயம் சிக்னலைக் கெடுக்கும். எனக்குத் தோணாமப் போச்சே!” என்று மெக்கானிக் தலையில் தட்டிக்கொண்டாள். ‘எனக்கே சொல்லித் தர்றியா’ என்ற முறைப்பு அவளிடம் இல்லை. ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ என்ற மிதப்பு அவனிடமும் இல்லை. பேசாமல் பேப்பருக்குத் திரும்பிவிட்டான்.

தரகரம்மாவுக்குள் எதுவோ துள்ளி எழுந்தது. இப்படி ஒரு ஜோடியைப் பார்த்து எத்தனை நாளாகிறது! மகள் வீடு மறந்துபோனது. நேரே டயர் அடுக்கு பக்கம் போனார்.

“தம்பி, சுத்தி வளைக்காமக் கேக்கறேன். இந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தி கிடைச்சா கட்டிக்குவீங்களா?”

அவன் பேப்பரை மடித்தான். “கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்குவேன்மா.”

அதே சூட்டோடு மெக்கானிக்கிடம் வந்தார். “அந்தத் தம்பியைப் பத்தி நீ என்னம்மா நினைக்கிறே?”

“சொன்ன பேச்சு கேக்கறாரு. வேறென்ன வேணும்?”

“அப்போ உனக்கும் சம்மதம்! நான் பேசட்டுமா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

“அம்மா, அவரு கார் ரிப்பேருக்கு வந்த ஆள் இல்லை. எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்துட்டு, பேப்பர் படிக்கற சாக்குல இங்கயே உக்காந்திருக்காரு. என் வீட்டுக்காரரு.”

தரகரம்மாவின் முகம் காற்று போன டயராயிற்று. “இதுவும் போச்சா! நிஜமாவே என் கண்ணு மங்கித்தான் போச்சு.”

“யாரு சொன்னா?” கரிக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள் மெக்கானிக். “உங்க குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. எங்க போட்டோவை மட்டும் பார்த்து, எல்லாத்தையும் போன்லயே பேசி முடிச்சிட்டு, கல்யாணத்தன்னைக்குக் காய்ச்சல்னு வராம இருந்துட்டீங்களே... எங்களைச் சேர்த்து வச்சதே நீங்கதாம்மா!”