பூச்சு மணல்

முதல் தட்டிலேயே சுத்தியல்காரருக்குத் தெரிந்துவிட்டது, இது முதல்தரக் கான்கிரீட் என்று.

தெரிந்ததை முகத்தில் காட்டவில்லை. காட்டினால் அவர் வியாபாரியே இல்லை.

இடித்துப் போட்ட மாடி வீடு. தூண்களும் ஜன்னல் லிண்டல்களும் படிக்கட்டுப் பலகைகளும் முழுசு முழுசாகக் கிடந்தன. இப்படி உடையாமல் கிடைத்தால் கொட்டகை போடுகிறவர்களும் சுற்றுச்சுவர் கட்டுகிறவர்களும் நான் நீ என்று வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இந்த மாதிரிச் சரக்கு அவர் கண்ணில் பட்டு ரொம்ப நாளாகிவிட்டது. எப்படியாவது அடிமாட்டு விலைக்கு முடித்துவிட வேண்டும் என்று துடித்தார்.

பழைய கட்டடச் சாமான் கடையிலிருந்து அவரை அழைத்து வந்த பெண் பக்கத்திலேயே நின்றாள். கான்கிரீட்டைப் பற்றி உங்களைவிட விவரம் தெரிந்தவர் இல்லையாமே, வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். வீட்டுக்காரி, விற்க வந்திருக்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

பழைய சாமான் வாங்குவதில் அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். முதலில் சரக்கை மட்டம் தட்ட வேண்டும். பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. பிறந்த பேரனைக் கையில் கொடுத்தபோதே, எடை கம்மியாக இருக்கிறதே என்று சொல்லிச் சம்பந்தியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

மேல்பூச்சு பிடிப்பு விட்டுப்போயிருந்த இடமாகப் பார்த்து, அவள் காதில் விழும்படி மறுபடி தட்டினார். பொத் என்று கேட்டது. உதட்டைப் பிதுக்கினார்.

அந்தப் பூச்சில் ஒரு சில்லைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். மழையிலும் வெயிலிலும் கிடந்த பூச்சு எந்த வீட்டிலும் உதிரத்தான் செய்யும். உள்ளே இருக்கும் கான்கிரீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விவரம் தெரியாதவர்களுக்கு அந்த மணலைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடும்.

அவளுக்கும் விழுந்தது.

"அப்ப சிமெண்ட்டைக் குறைச்சுத்தான் போட்டிருக்காங்களாண்ணே?"

பழம் நழுவிப் பாலில் விழுகிறது என்று அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"குறைச்சா? பாதி மூட்டைய வித்துத் தின்னுருக்கான்மா. இதைக் கட்டினவன் கை விளங்குமா?"

பேரம் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார். அவள் அவருடைய உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். இந்த வீடு அவளுடையது இல்லை. இதைக் கட்டிய மேஸ்திரி அவளுடைய அப்பா. வீடு விரிசல் விட்ட நாளிலிருந்து ஊரே அவரைச் சிமெண்ட் திருடன் என்றது. அப்புறம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டது. அவர் எடுத்திருக்க மாட்டார் என்று இத்தனை காலமும் நம்பியது அவள் ஒருத்திதான். விவரம் தெரிந்தவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் அவருக்கு மனசு ஆறுமே என்று அவளேதான் இதற்கு ஏற்பாடு செய்தாளாம்.

கை விளங்குமா என்று கேட்டதை நினைத்ததும் சுத்தியல்காரருக்கு உடம்பே கூசியது. வீட்டின் பின்பக்கம் சாக்கடைத் தண்ணீர் இறங்கி அஸ்திவாரம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததை வந்தவுடனேயே பார்த்திருந்தார். விரிசலுக்குக் காரணம் அதுதான். விலைக்காகச் சொன்னேனம்மா என்ற ஒரு வரியைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கையிலிருந்த மணலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்பா தெருமுனையில ஆட்டோல இருக்காருண்ணே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம். நல்லாருக்குன்னு ஒரு பொய் சொல்லிடுங்க."

அவள் பின்னாலேயே நடந்தார்.

பெரியவர் ஆட்டோவுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. சுத்தியல்காரர் குனிந்து, சல்லியும் சிமெண்ட்டும் பாறையாகப் பிடித்திருக்கிறது, கம்பியில் பொட்டுத் துரு இல்லை, அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கினால் கான்கிரீட் என்ன செய்யும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

பெரியவர் அவரைப் பார்க்கவே இல்லை. கோணிய வாயால் மகளிடம், "சொன்னேன்ல?" என்றார்.

மகள் அவர் கண்ணைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

சுத்தியல்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்பாவிடம் சொன்னதுதான் நிஜம், முதலில் சொன்னது வியாபாரப் பேச்சு, அந்த மணல் வெறும் பூச்சு, வா, தூணையே தட்டிக் காட்டுகிறேன் என்று அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். போய் ஆட்டோவில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நல்ல மனசுண்ணே," என்றாள். "ஆனா எனக்குப் பொய் சொல்ல வேணாம்."