காவாந்தண்டலத்துக்கு அரை மணி நேரம்

மதியம் மணி இரண்டு பத்து.

வேதாசலத்தின் ஏசி ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சினிமா கேரவன் வந்து நின்றது. நடிகர்கள் உட்கார்ந்து மேக்கப் போடும் வண்டி. உத்திரமேரூரில் அதற்கு வேலையே இல்லை.

டிரைவர் ஆனந்தன் இறங்கினான். டேஷ்போர்டு ஏசி அனலாக ஊதுகிறது என்றான். பின்னால் இருக்கும் ஏசி ஜெனரேட்டரில் ஓடுவது. ஜெனரேட்டர் சென்னையில், ஷூட்டிங்கில் நிற்கிறது.

உள்ளே, பல்புகள் பதித்த பெரிய கண்ணாடிக்குக் கீழே, சோபாவில் அவன் மனைவி வசந்தகுமாரி படுத்திருந்தாள்.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறமாட்டேன் என்றாளாம். முதலாளியிடம் கெஞ்சி இந்த வண்டியை எடுத்து வந்திருக்கிறான்.

அவன் சொந்த ஊரான காவாந்தண்டலத்துக்கு இன்னும் அரை மணி நேரம்.

உயிரோடு போய்ச் சேர வேண்டும். வெளியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் விடமாட்டார்கள். தெருவிலேயே பந்தல்தான். அவன் அம்மா ஜெயம்மாள் கூடத்தில் கட்டில் போட்டுக் காத்திருக்கிறாள்.

பழுது பார்க்க அரை மணியாவது பிடிக்கும், அப்படியே போய்விடேன் என்றான் வேதாசலம்.

ஆனந்தன் ரோட்டைப் பார்த்தான்.

"கத்திரி வெயில்ணே. வண்டி உள்ள அடுப்பு மாரி கீது. அவ தாங்கமாட்டா. பண்ணிடு."

ஏசிக்குக் கரண்ட் விடும் ரிலே கருகி, ஒயரும் உருகியிருந்தது. வேதாசலம் ஒயரை மாற்றினான். கடையில் அந்த ரிலே இல்லை. ஹாரனுடையதைப் பிடுங்கி ஏசிக்கு மாட்டினான். ஊர் போகிறவரை ஹாரன் அடிக்காது என்றான்.

ஊர் மாடுகள் ஹாரனுக்கு என்றைக்கு நகர்ந்தன என்று ஆனந்தன் சிரிக்கப் பார்த்தான். அவன்தான் டார்ச் பிடித்தான். சொன்னபோதெல்லாம் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். நடுவில் ஒருமுறை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, தூங்குகிறாள் என்றான்.

இரண்டே முக்காலுக்கு கம்ப்ரஸர் பிடித்தது.

காற்று உள்ளே போகட்டும் என்று ஆனந்தன் திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டுப் பின்னால் ஓடினான். மனைவியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வேதாசலம் ஏசி துவாரத்தில் உள்ளங்கையை வைத்தான். காற்று இன்னும் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. குளிர இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும்.

பின்னாலிருந்து ஆனந்தன் கூப்பிட்டான்.

"அண்ணே, இவ கையெல்லாம் அதுக்குள்ள ஜில்லுன்னு ஆயிடுச்சு. கொஞ்சம் கொறச்சு வெக்கிறியா?"