பத்திநாதரின் சட்டை

இப்பத்தைய ஆக்களுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யுது, காது அடைச்சுப்போச்சு என்று பத்திநாதர் முணுமுணுத்தார். கிளினிக்கின் நீள வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒரு முழம் தள்ளிப் போய்விட்டார்கள்.

"என்ன ஐயா, காலையிலயே சாராயமா?" தாதி அஸ்கா மூக்கைப் பொத்தினாள்.

"நான் விட்டுப் பத்து வருசம், மகள். இவள் மனிசி குசினியில விழுந்தவள். தூக்கப் போன இடத்திலதான் சட்டையில பட்டது."

வரிசையே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. சிவந்த கண், ஊதின மூக்கு, நாற்பது வருசம் கள்ளிலும் சாராயத்திலும் ஊறின மூஞ்சி. கண்ணாடியில் பார்த்தால் அவரே நம்பமாட்டார்.

மனைவி இராசமணியின் நெற்றி புடைத்திருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாந்தரம். இன்னொருக்கால் விழுந்தால் எழும்பமாட்டாள் என்ற பயத்தில்தான் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார். அவளோ கராம்பு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மாட கை எப்பிடி நடுங்குது பாருங்க. அடிக்கிறீங்களா?"

"ஐயோ, அவள் ஏன் விழுறாளெண்டு அவளிட்டயே கேளுங்கோவன்!"

"கேட்டா உங்கள விட்டுக்குடுப்பாங்களா? பாவம், வாயில்லாத மனுசி."

பத்திநாதர் குரலைத் தாழ்த்தினார். "தனிய ஒண்டு சொல்லவேணும், மகள்."

"மன்னிப்பெண்டா அம்மாட்டக் கேளுங்க. இந்த வயசில உங்களத் திருத்த எங்களால ஏலாது."

அம்மாவுக்கு நெற்றியில் மருந்தும் ஒரு பை விற்றமின் குளிசையும் கிடைத்தன. ஐயாவுக்குக் குடியை விடச் சொல்லும் ஒரு துண்டுப்பிரசுரம். எழுத்துக்கூட்டி வாசிக்க அவருக்குப் பொழுதுபட்டுவிடும், படத்தைப் பார்த்தார். போத்தலோடு விழுந்து கிடந்தவனுக்கு அவருடைய மீசையையே வைத்திருந்தார்கள்.

அதை மடித்து, மணக்கிற சட்டைப் பைக்குள் வைத்தார். இவையளால ஒருத்தற்ற குடியும் நிக்காது என்று சொல்லிக்கொண்டே படலையைத் தாண்டி நடந்தார்.

பின்னால் வந்த இராசமணி அவர் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, சாராயத் தவறணைப் பக்கத்தால போவமே? எனக்கெண்டு வச்சிருந்த கடைசிச் சொட்டும் உங்கட சட்டையில ஊத்துப்பட்டிட்டுது."