எலி மருந்து

"இதயத்துக்குள்ள இருந்த ரத்தக்கட்டி கரையவே இல்லை. அதுல ஒரு துண்டு மூளைக்குப் போய் அடைச்சிருச்சு. காப்பாத்த முடியலை" என்றார் டாக்டர்.

"ஒரு மாசமா தினமும் டப்பாவிலேர்ந்து என் கையால மாத்திரை கொடுத்தேனே" என்று இறந்தவனின் மனைவி சரிந்து உட்கார்ந்தாள்.

"நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்றாள் மாமியார். "டாக்டர், இவ என் மகனுக்குக் கொடுக்க வாங்கி வச்சது எலி மருந்து. மருந்துக்கடைக்காரரே சொன்னார். ஆதாரம் வச்சிருக்கேன்." கைப்பையைத் திறந்தாள்.

"அவர் சொன்னது நிஜம்தாம்மா. எலிக்கு வைக்கிறதும் அதே மருந்துதான். அளவாக் கொடுத்தா மனுஷனுக்கு ரத்தம் உறையாம காக்கும். உங்க மகன் உயிரே அதை நம்பித்தான் இருந்தது."

கைப்பைக்குள் போன கை அப்படியே நின்றது. உள்ளே, கைக்குட்டையில் முடிந்த முப்பது மாத்திரைகள் இருந்தன. முதல் நாளே டப்பாவைக் காலி செய்து, அதே நிறத்தில் சத்து மாத்திரைகளை நிரப்பி வைத்தவள் அவள்தான்.