ஒட்டிக்கிடந்த தாள்கள்

தேவாலயத்தில் வாசிப்பு மேடையாக வேதப்புத்தகத்தை முதுகில் சுமந்து நிற்கும் பித்தளைக் கழுகுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வருகிற ஞாயிறு முதல்முறையாக ஒரு பெண் குருவானவர் வந்து வேதம் வாசிக்கப்போகிறாராம்.

“சபை உலகத்தோட சேர்ந்து கெட்டுப்போச்சு. அந்தம்மா கை வைக்கட்டும், அப்படியே சாய்ஞ்சிடுறேன்” என்றது.

“எல்லாரையும் ஏத்துக்கணும்னுதான் வேதத்துல இருக்கு, பெரியவரே” என்றது புதிதாக வந்த மைக்.

“எனக்கே வேதம் சொல்றியா? பிறந்ததுலேர்ந்து சுமக்கிறேன்டா!” கழுகு முதுகிலிருந்த புத்தகத்திடம் முறையிட்டது. “நீங்களே சொல்லுங்கய்யா, யார் பக்கம் நியாயம்?”

“நீ சுமந்தாய், வாசிக்கவில்லை. உன் கழுத்து திரும்பாது. மைக்குக்கோ கண்ணே இல்லை. பிறர் திறந்த பக்கங்களைத்தான் இருவரும் கேட்டிருக்கிறீர்கள். என் தாள்களில் பாதி இன்னும் ஒட்டியே கிடக்கின்றன” என்றது புத்தகம்.

“அதுல இருக்கிறது என் பக்கமா, அவன் பக்கமா?”



கழுகுக்கு மண்டை குழம்பியது. மைக் சொன்னதுதான் அதில் இருக்கிறதென்றால், இத்தனை காலம் தான் சுமந்தது எதை? தன் பக்கம்தான் என்றால், ஏன் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை?

ஞாயிறு வந்தது. சாய்வதற்குத் தோதாகக் கழுகு ஒரு காலைத் தளர்த்தி வைத்துக்கொண்டது. குருவானவர் அம்மா வழக்கமான பக்கங்களைத் தாண்டிப் போய், ஒட்டியிருந்த இரண்டு தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்தார்.

மைக் கரகரப்பதை நிறுத்தியது. கழுகு, சாய வேண்டும் என்பதையே மறந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.