பாதிப் பொருத்தம்

அவள் கழுத்திலிருந்த பாஸைத் தூக்கிக் காட்டினாள்.

வார்டு வாசலில் செக்யூரிட்டி பார்த்தார். கதவைத் திறந்தார்.

பின்னால் வந்தவனை அவர் கை தடுத்தது.

"பாஸ் இல்லாம கொசுவுக்குக்கூட அனுமதி இல்ல சார்."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வராமல், சுவரோர நாற்காலிக்கே திரும்பினான்.

அவள் மகள் மிருதுளாவின் அப்பா. மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் வீட்டைவிட்டுப் போனவன். மகளுக்கு எலும்பு மஜ்ஜை வேண்டும் என்று தெரிந்ததும் அடுத்த பஸ்ஸில் வந்தான். கொடுத்தான்.

அதன் பிறகு போகவில்லை.

ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். குளிக்கப் போகும்போதுகூட அவள் அதைக் கழற்றுவதில்லை.

உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் வியர்வை.

உடம்பில் எப்போதோ பதுங்கிய வைரஸ் ஒன்று எழுந்துவிட்டது. எதிர்த்து நிற்க மகளின் ரத்தத்தில் இப்போது இருப்பவை அவன் கொடுத்ததிலிருந்து முளைத்த செல்கள். இயற்கைக் கொல்லி செல்கள் என்றார் டாக்டர்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பொருத்தம் பாதிதான்.

"பாப்பாவையே அடிச்சிடாதா டாக்டர்?" என்று டாக்டர் சொன்ன அன்றே கேட்டாள்.

"கொல்றது அதுங்களுக்குச் சுலபம்மா. ஆனா முதல்ல தொட்டுப் பாக்கும். நம்ம ஆளுங்கிற அடையாளம் தட்டுப்பட்டா விட்டுட்டுப் போயிடும். வைரஸ் புகுந்த செல்லுல அந்த அடையாளம் மறைஞ்சிருக்கும். அதைத்தான் அடிக்கும்."

"பாதி அடையாளம்தானே இருக்கு?"

"பெரும்பாலும் பாதி போதும்."

பெரும்பாலும். அந்தச் சொல்லோடுதான் அவள் இத்தனை நாளும் தூங்கி எழுந்தாள்.

டாக்டர் வந்தார். மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தடிப்பு இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை.

"வைரஸ் இறங்குதும்மா. வேற எதையும் தொடல."

அவள் மகளின் நெற்றியில் கை வைத்தாள்.

வெளியே வந்தாள்.

அவன் எழுந்தான்.

அவனிடம் சொல்வதற்கென்று வருடக்கணக்கில் கூர் தீட்டி வைத்திருந்தவை நாக்கு நுனிக்கு வந்தன.

அவன் கைகளைப் பின்னால் கட்டி, ஒரு காலை லேசாக மடித்து, தரையைப் பார்த்து நின்றான்.

மிருதுளா திட்டு வாங்கும்போது அப்படித்தான் நிற்பாள்.

அவள் பாஸைக் கழற்றினாள்.

"கையைக் கழுவிட்டுப் போங்க."

செக்யூரிட்டி அட்டையைப் பார்த்தார். கதவைத் திறந்தார்.

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

அதில் இன்னும் சூடு இருந்தது.