புயல் வாய் திறந்தது

"நான்தான் புயல்."

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒல்லியாக ஒருவர், சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, கைக்குட்டையைக் கசக்கியபடி நின்றிருந்தார். மேஜைமேல் இருந்த காகிதம்கூட அவரால் அசையாது போலிருந்தது.

"அப்பா அம்மா வச்ச பேரா சார்?"

"இல்லம்மா, நானே வச்சுக்கிட்டது. அந்தப் பேர்லதான் எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"முதல் தடவையா வர்றீங்களா?"

"நேர்ல வர்றது இதுதான் முதல் தடவை."

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"ஒன்பது வருஷமா! எப்படி சார் தாங்குனீங்க?"

"ஆரம்பத்துல ராத்திரி தூக்கமே வராது. அப்புறம் அது இல்லாம இருக்க முடியலை" என்றார், வெட்கத்தோடு.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது புயலின் வேலை. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு வலைப்பதிவர் குழுவில் சேர்ந்து, போய் வந்த வீடுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார். முகம் தெரியாத நாற்பது பேர் படித்தார்கள், பாராட்டினார்கள், சண்டை போட்டார்கள், பிறந்தநாளுக்கு வாழ்த்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. இன்றைக்குத்தான் முதல் சந்திப்பு. மின்னஞ்சலில் வந்த முகவரியைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார்.

அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பாதிப் பேர் கன்னத்தில் கைவைத்து எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகமே இல்லை, எழுதுகிறவர்கள்தான். புத்தகங்களின் பின்னட்டையில் எல்லாரும் இப்படித்தானே இருக்கிறார்கள்!

மூலையில் ஒரு வழுக்கைத் தலையர். ஆளும் தடிமன், கையும் தடிமன். புயல் நேரே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே இரும்புக்கை?"

"ம்?"

"மறைக்காதீங்கண்ணே. எழுத்தைப் படிச்சப்பவே ஆள் இப்படித்தான் இருப்பீங்கன்னு நினைச்சேன். நாலு வருஷம் முன்னாடி, என் பதிவுல ஒரு கமா தப்புன்னு எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சீங்க. நான் பதிலுக்கு உங்க குடும்பத்தையே இழுத்துட்டேன். அன்னைக்கோட நமக்குள்ள பேச்சு நின்னு போச்சு. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க."

சொன்னதோடு நிற்காமல் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். கன்னத்தோடு கன்னம் அழுந்தியது. வழுக்கைத் தலையரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"வலிக்குது..." என்று முனகினார்.

"எனக்கும் வலிச்சுதுண்ணே. இனிமே வேணாம்."

எதிர் நாற்காலியில் ஓர் அம்மாள், பாதி முகத்தைச் சால்வையால் சுற்றி மூடியிருந்தார்.

"பாதிநிலா அக்கா! யாருக்கும் முகத்தைக் காட்ட மாட்டேன்னு எழுதுவீங்களே, அதுக்காக இப்படியா?"

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

புயலுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. எழுந்து அறையின் நடுவுக்கு வந்தார்.

"யாரும் ஆரம்பிக்கற மாதிரி தெரியலை. நானே ஆரம்பிக்கறேன். மீட்டர் பார்க்கறவன் நான். ஆனா அந்தக் காலத்துல எனக்கு அழைப்பு மணி அடிக்கப் பயம். அடிச்சா யாராவது கதவைத் திறந்துடுவாங்களே! அதனால சுவர் ஏறிக் குதிச்சு, மீட்டரைப் பார்த்துட்டு ஓடிடுவேன். ரெண்டு தடவை போலீஸ் பிடிச்சுது. நான் யாருன்னு அவங்ககிட்ட சொல்லவும் பயம். திருடன்னே ஒத்துக்கிட்டேன்."

வழுக்கைத் தலையர் களுக்கென்று சிரித்துவிட்டு, சட்டென்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல பெண்டாட்டிகிட்டகூட சொன்னதில்லை. உங்ககிட்டதான் எழுதினேன். ஒருத்தரும் கேலி பண்ணலை. 'அடுத்த வீட்ல மணி அடிச்சுப் பாருங்க, நாங்க இருக்கோம்'னு எழுதினீங்க. அடிச்சேன். கதவு திறந்துச்சு. 'என்ன வேணும்?'னு ஒரு பெரியவர் கேட்டார். ஓடலை. நின்னு பதில் சொன்னேன். இன்னைக்கு நான் ஒரு மனுஷனா நடமாடறேன்னா, நீங்கதான் காரணம்."

மேஜைப் பெண், மணியடித்த தொலைபேசியைக்கூட எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயத்தை வாய்விட்டுச் சொன்னா பாதி போயிடும். நீங்களும் சொல்லுங்களேன்."

சால்வை அம்மாள்தான் முதலில் பேசினார். "என் மருமகதான் பிடிவாதமா அனுப்பி வச்சா தம்பி. எனக்கு இங்க உட்கார்ந்திருக்கவே உதறுது."

"நான் பயத்துல ரெண்டு நாளா சாப்பிடவே இல்லை சார்" என்றார் வழுக்கைத் தலையர், வாயின் ஒரு பக்கத்தால்.

"என்னைப் பார்க்கறதுக்கா அண்ணே இவ்வளவு பயம்!" புயல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வழுக்கைத் தலையர் சால்வை அம்மாளின் கையைப் பிடித்தார். அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரின் கையை. ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் அழுதார், மற்றவர்கள் தட்டிக் கொடுத்தார்கள். பிறகு எதற்கென்று தெரியாமலே எல்லாரும் சிரித்தார்கள். பத்து வருடம் பழகியவர்கள்போல அறை கலகலத்தது.

அப்போது உள்கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டும் ரப்பர் கையுறையுமாக, கையில் இடுக்கியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு மணி நேரமா ஒருத்தரையும் உள்ள காணோமே. யாருக்கு முதல்ல பல்லைப் பிடுங்கணும்?"

புயல் மெதுவாக மேஜைப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"அப்போ... பதிவர் கூட்டம்?"

"அது மேல் மாடி சார். ஒவ்வொருத்தரா வந்து கதவுகிட்ட நின்னு எட்டிப் பார்த்துட்டு, உள்ள போகக் கூச்சப்பட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்களாம். காவலாளி இப்பத்தான் பூட்டிட்டுப் போறார்."